துண்டு நிலமும் கூட்டுப் பண்ணையமும் (பகுதி 9)

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கைவசம் உள்ள சாகுபடி நிலம், 2015-16-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்போரைக் குறு விவசாயிகள் என்றும், ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்போரைச் சிறு விவசாயிகள் என்றும் அரசு வகைப்படுத்துகிறது. மாநிலத்தின் விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்விரு வகையினரே. இவ்வளவு சிறிய நிலத்துக்கென எந்திரத்தைச் சொந்தமாக வாங்குவது கட்டுப்படியாகாது என்பதால், எந்திரமயம் இவர்களைப் பெரும்பாலும் வாடகை வண்டியாகவே வந்தடைந்தது.

காவிரிப் படுகையின் குறுவை அறுவடையில் இதன் நன்மையும் நெருக்கடியும் ஒருங்கே தெரிகின்றன. ஈரம் காயாத வயலில் டயர் பூட்டிய அறுவடை வண்டி புதைந்துவிடும். பட்டைச் சக்கரம் கொண்ட பெல்ட் வண்டியே இறங்க முடியும், அதற்கு மணிக்கணக்கில் வாடகை கூடுதல். ஆட்கள் பல நாள் அறுத்துக் களத்தில் அடித்த நெல்லை இவ்வண்டி சில மணி நேரத்தில் ஈரத்தோடு கொட்டிவிடுகிறது. ஆனால், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அனுமதிக்கப்படும் ஈரப்பதம் 17 சதவீதம்; அதைத் தளர்த்த வேண்டுமானால் மாநில அரசு மத்திய அரசுக்கு எழுத, அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துச் சென்ற பிறகே ஆணை வரும். அதுவரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கிறது. மழை நின்ற வேளையில் விரித்துக் கிளறுவதும், மேகம் கறுத்ததும் குவித்து மூடுவதுமாக விவசாயக் குடும்பத்தின் நாட்கள் கழிகின்றன. அறுவடையை விரைவுபடுத்திய அரசு, உலர்த்துவதையும் சேமிப்பதையும் அதே வேகத்தில் கவனிக்கவில்லை. அந்த இடைவெளியின் நட்டம் முழுவதும் காத்திருக்க வலுவில்லாதவர் தலையில் விழுகிறது.

இதற்கு விடையாக அரசுகள் கையாளும் வழி, சிறியவர்களை ஒன்றுசேர்ப்பது. தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு எந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. மத்திய அரசு 2020-இல் அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டமோ, விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவுக்காக மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. இரண்டும் வரவேற்கத் தக்கவை. ஆயினும் உழவு எந்திரம் வாங்கியதோடு நின்றுவிடும் குழு, வாடகைக் கடை ஒன்றின் வேலையைத்தான் செய்கிறது. உலர்த்தும் எந்திரமும் கிடங்கும், நெல்லை இருப்பு வைத்த நாட்களில் உறுப்பினருக்கு முன்பணம் தரக்கூடிய நடைமுறை மூலதனமும் இருந்தால்தான், வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடும் கட்டாயத்திலிருந்து அவர்கள் விடுபட முடியும்.

இச்சலுகைகளின் எல்லைக்கு வெளியே நிற்போர் குத்தகைதாரர்கள். 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டம் நில உரிமையாளர்களுக்கு மட்டுமே உரியது. பயிர் வைத்தவர் வேறொருவரானாலும் பணம் பட்டாதாரரின் கணக்கில்தான் ஏறுகிறது. குத்தகை சாகுபடியாளரைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுவதால், இன்றும் வாய்மொழிக் குத்தகை நீடிக்கிறது. இந்த அச்சத்தைப் போக்கும் வகையில், உரிமையாளரின் பட்டாவைத் தொடாமல், பயிர் செய்பவர் பெயரைப் பருவந்தோறும் தனியே பதிந்து கடனும் காப்பீடும் குழு உறுப்பினர் தகுதியும் அவருக்கே கிடைக்கச் செய்வதுதான் வேளாண் துறை முதலில் எடுக்க வேண்டிய வேலை.