சிவப்பு கறுப்பாகும், நீலம் வெள்ளையாகும்! மௌனப் பட உடைகளின் மாயம் தெரியுமா?

வசனம் கிடையாது, வண்ணம் கிடையாது. திரையில் நடந்து வருபவன் ஏழையா பணக்காரனா, நல்லவனா எத்தனா என்பதை முதலில் சொன்னது அவன் போட்டிருந்த சட்டைதான்! அந்தச் சட்டை கேமரா முன்னால் எத்தனை பொய் சொன்னது தெரியுமா?

1920களின் தொடக்கம் வரை ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் ஓடியது ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம். நீலத்தைக் கண்டால் அதற்கு ஒரே உற்சாகம். சிவப்போ அதன் கண்ணிலேயே படாது! செக்கச்செவேலென்ற கவுன் திரையில் கன்னங்கரேல். வெளிர்நீலப் பட்டு வெள்ளை வெளேர். சிவப்பு உதட்டுச்சாயம் பூசினால் வாய் இருக்கும் இடத்தில் ஒரு கரிக்கோடு! சரி, வெள்ளைச் சட்டையையாவது நம்பலாமா? மூச்! விளக்கொளி பட்டதும் அது ஜொலித்து முகத்தையே விழுங்கிவிடும். அதனால் திரையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய துணியை மஞ்சளிலோ இளஞ்சிவப்பிலோ தோய்த்தெடுத்தார்கள். நிறம் கைவிட்டதால்தான் ஜரிகை, மணி, இறகு, சாட்டின் என்று ஒளியோடு விளையாடும் சரக்கெல்லாம் திரையில் கொடிகட்டிப் பறந்தது.

சாப்ளினின் அந்த நாடோடி வேஷம்? 1914இல் கீஸ்டோன் ஸ்டுடியோவில், கிடைத்ததை மாட்டிக்கொண்டு பிறந்தது! தொளதொள பேண்ட், இறுக்கமான கோட், சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ்; ஒன்றுக்கொன்று பொருந்தவே கூடாது என்பதுதான் திட்டம். பேண்ட் குண்டு நடிகர் ஆர்பக்கிளுடையது, பூட்ஸ் இன்னொரு நடிகர் ஃபோர்டு ஸ்டெர்லிங்குடையது, கழன்று விழாமல் இருக்க இடவலம் மாற்றிப் போட்டார் என்றொரு கதை உண்டு. மீசை எதற்கு? வயதைக் கூட்ட. ஏன் இத்தனூண்டு? முகபாவம் மறையக் கூடாதே! இந்த வேஷம் முதலில் திரைக்கு வந்த குறும்படத்தை, வெனிஸ் என்ற கலிபோர்னியா ஊரில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த சிறுவர் கார் பந்தயத்தில் எடுத்தார்கள். கூட்டத்தில் நின்றவர்களுக்கு, 'யார் இந்த ஆள், கேமராவை மறைத்துக்கொண்டு?' என்றுதான் தோன்றியிருக்கும்!

இன்னொரு சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் தட்டைத் தொப்பி இன்னும் வேடிக்கை. ஸ்டெட்சன் தொப்பியை வெட்டிச் சுருக்கி, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, விறைப்பாகக் காயவைப்பார். தைத்துக் கொடுக்க ஆள் வைக்கவில்லை, அவரே! அவர்கள் கால நடிகர் ஹரால்டு லாயிடின் மூக்குக்கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது, வெறும் ஃபிரேம்!

ஆரம்பத்தில் பல நடிகர்கள் தங்கள் வீட்டுத் துணியையே எடுத்து வந்தார்கள். நல்ல மாலைநேர உடை வைத்திருந்த துணை நடிகருக்குக் கூலி அதிகம்! 1916இல் இயக்குநர் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' வந்தபோது, கிளேர் வெஸ்ட் என்ற பெண்மணி உடைகளை வடிவமைத்தார். பாபிலோன் காட்சிகளின் ஜனத்திரளுக்கும் பார்த்துப் பார்த்து உடுத்திவிட்ட படம் அது.

ஜெர்மனிக்குப் போனால் தலை சுற்றும். 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தின் இயந்திரப் பெண் உலோகம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! மரவேலையில் ஓட்டை அடைக்கும் பசை! சிற்பி ஷுல்ட்ஸே-மிட்டன்டார்ஃப், நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலை அச்செடுத்து, அதன்மேல் அந்தப் பசையால் கவசம் செய்து, வெள்ளிப் பூச்சு தெளித்தார். அச்செடுத்தபோது ஹெல்ம் நின்றுகொண்டிருந்தார். படத்தில் உட்கார வேண்டியிருந்தது. பாவம், ஓரங்கள் குத்திக் கிழித்தன.

நம் ஊர்ப் பக்கம்? இயக்குநர் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் (1913) பெண் வேடமெல்லாம் ஆண்களுக்குத்தான். சேலை கட்டச் சம்மதித்தார்கள். மீசையை எடுக்கத்தான் மறுத்தார்கள்! அப்பா இறந்தால்தானே மீசை மழிப்பது? ஒருவழியாகப் பேசிச் சரிக்கட்டினார் பால்கே. ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியாக வந்தவர் ஓட்டலில் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே. நாலே வருஷத்தில் 'லங்கா தகன'த்தில் அதே சாலுங்கே சீதையாகவும் வந்தார், ராமராகவும் வந்தார்!

இத்தனை உடைகளுக்கு ஆஸ்கர்? ஒன்றுகூட இல்லை! உடை வடிவமைப்புக்கான விருதே 1949இல்தான் தொடங்கியது. மௌனப் படம் அதற்குள் மலையேறிவிட்டது. ஆனால் 2012இல், கறுப்பு வெள்ளையில் மௌனப் படமாகவே எடுத்த 'தி ஆர்ட்டிஸ்ட்'டின் உடைகளுக்காக மார்க் பிரிட்ஜஸ் அந்த விருதை வாங்கிக்கொண்டு போனார்!