படகுக்குள் ஒளியும் காற்று

கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரை நீளும் கடற்கரையிலே மாலை வேளையில் உலாவச் செல்வோர், மணலின் மீது வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகளைக் காணாதிருக்க முடியாது. நீலமும் வெள்ளையும் பச்சையுமாக வண்ணந் தீட்டப்பெற்று, முகப்பிலே இறைவன் திருநாமமோ வீட்டுப் பிள்ளையின் பெயரோ பொறிக்கப்பெற்று அவை நிற்கின்றன. ‘பைபர் படகு’ என்றால் இங்கு மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆயினும், அப்படகு செய்யப்படுவது எங்ஙனம் என்று வினவினால், கடலோரத்திற் பிறந்து வளர்ந்த மாணவரும் விழிக்கின்றனர்.

மரத்தோணி கட்டப்படுவது, பைபர் படகோ வார்க்கப்படுவது. பெருநாளுக்கு நம் ஊர்த் தாய்மார் பாத்திரத்தில் ஊற்றி அவித்தெடுக்கும் வட்டிலப்பத்துக்கும் இதற்கும் அவ்வகையில் உறவுண்டு. ஒரு வேற்றுமையை மட்டும் மறத்தலாகாது. வட்டிலப்பத்தை அறுக்கும்போது உள்ளே துளைகள் நிறைந்திருந்தால், சமைத்தவளுக்குப் புகழ். படகின் உடம்பில் அத்தகைய துளைகள் இருந்தால், அதில் ஏறிச் செல்வோனின் வீட்டில் அச்சம் குடியிருக்க வேண்டியதுதான்.

இத்தொழில் நம் நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. 1956இல் நோர்வே நாட்டுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் என்பார், அந்நாட்டு நண்பர்களின் துணையோடு 1960களின் பிற்பகுதியில் நிறுவிய ‘சீ-நோர்’ நிறுவனம் காரைநகரிலே படகுத்தளம் அமைத்துப் பைபர் படகுகளைச் செய்தது. உளுத்துப் போகாத, கடற்புழு அரிக்காத படகு என்ற செய்தி மீனவருக்கு எத்துணை இனித்திருக்கும்!

அதன் செய்முறை இது. முதலிலே மரத்தாலும் பிளைவுட்டாலும் படகின் உருவத்தை அப்படியே சமைத்து, இழைத்து, மெருகிடுகின்றனர். அதன்மேற் பைபர் பூசிக் கழற்றியெடுக்கும் கூடே அச்சாகும். ஓர் அச்சிலிருந்து பல படகுகளை ஈன்றெடுக்கலாம். அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்ப்பது, ஒட்டாமல் கழன்று வருவதற்காக. அதன்மேல் ‘ஜெல்கோட்’ எனப்படும் நிறமூட்டிய பசை ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் கனத்திற்குப் பூசப்படும். படகின் தோல் இதுவே. பின்னர் ரெசின் என்னும் பிசினில் ஊறிய கண்ணாடி நார்ப் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவிக்கப்படும். இப்பாய்களுள் இருவகை உண்டு. ஒன்று, துண்டு துண்டான நார்கள் தாறுமாறாகக் கிடக்கும் பஞ்சுப் படலம் போன்றது. மற்றையது, மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தைப் போல ஊடும் பாவுமாகப் பின்னப்பட்டது. முதல் வகையில் ஒரு சதுர மீற்றர் 450 கிராம் நிறையுடையதாயின், அதனை நனைக்க ஏறக்குறைய ஒரு கிலோ ரெசின் செல்லும். படகின் வலிமை நாரில் உள்ளது. நார்களை ஒன்றாகப் பிடித்து வைப்பதே பிசினின் கடமை.

இங்கேதான் காற்று என்னும் கள்வன் நுழைகின்றான். பாயின் இழைகளுக்கிடையில் இருப்பது காற்று. ரெசின் உள்ளே புகும்போது அக்காற்று வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அவ்விடத்தில் நாருக்கும் பிசினுக்கும் பிணைப்பில்லை. வெறுந் துணி அங்கே கிடக்கின்றது என்று கொள்க. படகு அலையில் எழுந்து விழும் ஒவ்வொரு முறையும் அவ்விடம் சிறிது வளைகின்றது. நாளடைவில் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று உரிகின்றன. ஜெல்கோட்டுக்கு அடுத்தாற்போல் ஒளிந்திருக்கும் குமிழி இன்னும் பொல்லாதது. நீர் மெல்ல மெல்லத் தோலின் ஊடே கசிந்து அக்குமிழியை அடைகின்றது. அங்குள்ள கரையக்கூடிய பொருள்களைக் கரைக்கின்றது. அக்கரைசல் மேலும் நீரை உள்ளே இழுக்கின்றது. உலர்ந்த திராட்சை நீரில் ஊறிப் பருப்பதும் இத்தகைய பிரசாரண விளைவே. இவ்வாறு படகின் அடியிற் கொப்புளங்கள் எழுகின்றன. அவற்றைக் குத்தினால் வினாகிரி போற் புளித்த வாடையுடன் நீர் வடியும்.

நம் கரைக்கு இது மிகவும் பொருந்திய கவலை. துறைமுகத்துள் அமைதியாக நிற்கும் படகுகள் அல்ல நம்முடையவை. அலையை உடைத்துக்கொண்டு புறப்பட்டு, அலையோடு ஓடிவந்து மணலில் மோதி நிற்பவை. 2013இல் ஒலுவிலில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்துக்கொண்டதும் ஊரறிந்த கதையே. ஆகவே, நமது படகின் அடிப்பாகம் நாள்தோறும் மணலில் உராய வேண்டியதாகின்றது. தோல் தேய்ந்தபின் உள்ளிருக்கும் குமிழிகளே கடலுக்குக் கதவாகின்றன.

காற்று தானே மேலெழுந்து போய்விடாதோ என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் 1851இலே கண்ட விதிப்படி, பாகுபோன்ற திரவத்தில் எழும் குமிழியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆமணக்கெண்ணெய் போலத் தடித்த பிசினில், ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள குமிழி ஒரு சென்ரிமீற்றர் உயரம் ஏற ஏறக்குறைய 15 செக்கன் செல்லும். அதன் விட்டம் பத்திலொரு பங்காகக் குறைந்தால், வேகம் நூறிலொரு பங்காகும்; அதே உயரம் ஏற 25 நிமிடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்குள் பிசின் உறைந்துவிடும். பெரிய குமிழி தானே ஓடிவிடுகின்றது. சிறிய குமிழிதான் சிறைப்படுகின்றது. ஆதலின், வேகமாக அடித்துக் கலக்கிப் பெருங்குமிழியைப் பல சிறு குமிழிகளாக உடைப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து மெதுவாகக் கலக்குதல் வேண்டும்.

படகிலோ பாய்கள் குறுக்கே கிடப்பதால் பெருங்குமிழியும் ஏற வழியில்லை. அதனை மனிதனே துரத்த வேண்டும். அதற்கென்று நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்ட உலோக உருளை உண்டு. தேர்ந்த தொழிலாளி முதலில் அச்சின்மேற் சிறிது ரெசினைப் பூசி, அதன்மீது பாயை விரிக்கின்றான். பிசின் கீழிருந்து மேலே ஊறிவரும்போது காற்றும் மேலே தள்ளப்படுகின்றது. மேலிருந்தே ஊற்றுபவன் காற்றைக் கீழே பூட்டி வைக்கின்றான். பின்பு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருளையை ஓட்டுவான். காற்றுள்ள இடம் வெண்மையாகத் தெரியும். காற்று போன இடத்தில் பாயே கண்ணுக்கு மறைந்து கண்ணாடி போலாகும். அவ்வெண்மை மறையும்வரை உருட்டுவதே தொழில். அவசரக்காரனுக்கு இது வாய்ப்பதில்லை.

ஊக்கியின் அளவும் காற்றோடு தொடர்புடையது. ரெசினை இறுகச் செய்யும் ஊக்கியை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சேர்ப்பர். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். வேலையை விரைந்து முடிக்க விரும்பிக் கூட்டிவிட்டால், உருளை ஓடி முடியுமுன் பிசின் உறைகின்றது. சூடேறி வெடிப்பதும் உண்டு. மிகக் குறைத்தாலோ அது என்றும் முழுதாக இறுகுவதில்லை. வெயில் ஏறிய நண்பகலிலும் மார்கழி மழையிலும் ஒரே அளவைக் கையாளுதல் தவறு. பாய் ஈரமானால் பிசின் நாரோடு பிணையாது. ஆதலின், மாரி காலத்தில் கூரை வேயாத தளத்திற் செய்த படகை வாங்குவோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவது நன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதியை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. இலங்கையில் ஆழிப்பேரலை மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது நம் அம்பாறை மாவட்டத்திலேதான். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோருக்குப் படகுமில்லை, வலையுமில்லை. உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. படகுத்தளங்கள் காளான்களைப் போல முளைத்தன. கொடுத்தவர்கள் எண்ணிக்கையை நோக்கினர். செய்தவர்கள் விரைவை நோக்கினர். அவ்வாறு வழங்கப்பட்ட படகுகளிற் பல தரமற்றவை என்பதனை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எடுத்துக் கூறி, படகு கட்டுவோருக்குப் பயிற்சியளிக்க முன்வரவேண்டியதாயிற்று. அனைத்தையும் இழந்தவனுக்கு அளிக்கும் படகு, விலைக்கு விற்கும் படகைக் காட்டிலும் ஒருபடி மேலானதாக இருந்திருக்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

வாங்குவோர் சோதிப்பது அரிதன்று. உட்புறம் வண்ணம் பூசுமுன் பார்த்தல் வேண்டும். பூசியபின் காட்டினால் அது மணமகளை முக்காட்டோடு காட்டுவது போன்றதே. வெண்திட்டுகள் உளவா என்று நோக்குக. ஒரு நாணயத்தால் அடிமுழுதும் தட்டிக் கேட்க. நன்றாக அமைந்த இடம் கணீரென ஒலிக்கும்; படை விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். எஞ்சின் பூட்டத் துளையிடும்போது விழும் வட்டத் துண்டையும் எறிந்துவிடலாகாது. அதன் வெட்டுமுகத்தில் குமிழிகள் நேரே தெரியும்.

இனி, வீட்டு மேசையில் நடக்கும் சிறு வார்ப்புகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பூவிதழ்களையும் அரபெழுத்துப் பெயர்களையும் ரெசினுள் அடைத்துச் சாவிக்கொத்தும் அலங்காரத் தட்டும் செய்து விற்கும் இளம் பெண்கள் இன்று பலர். அவர்கள் கையாளும் சிலிக்கன் இறப்பர் அச்சிலும் இதே கள்வன்தான். சிலிக்கனை ஓர் உயரத்திலிருந்து நூல்போல மெல்லிய தாரையாக, ஒரே மூலையில் ஊற்றினால், தாரை மெலியும்போதே குமிழிகள் உடைகின்றன. மூலவுருவின் நுண்ணிய இடுக்குகளில் முதலில் தூரிகையாற் பூசிவிடுவதும் நன்று. கந்தகம் கலந்த களிமண்ணாற் செய்த உருவின்மேல் பிளாற்றினம் சார்ந்த சிலிக்கன் இறுகாது. இதனை அறியாது பணத்தை இழந்தோர் உண்டு.

அச்சிலே ஊற்றுவாய் ஒன்றிருந்தாற் போதாது; காற்று வெளியேற மேற்புறத்தில் வேறொரு வழியும் வேண்டும். இது புதிதாகக் கண்ட நுட்பமன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே நம் கிழக்குக் கரையிற் கண்டெடுக்கப்பட்டு, 1830இல் முன்னாள் தேசாதிபதி பிறவுன்றிக்கினால் இலண்டன் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கப்பட்ட தாரா தேவியின் திருவுருவம் எட்டாம் நூற்றாண்டினது. 143 சென்ரிமீற்றர் உயரமுடையது. உள்ளே வெறுமையின்றி முழுவதும் வெண்கலமாக வார்க்கப்பட்டது. காற்றை வெளியேற்றும் வழியறியாதவர் கையிலிருந்து அத்தகைய உருவம் பிறந்திருக்க முடியாது.

வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் இரண்டு உபாயங்களைக் கையாளுகின்றனர். ஒன்று வெற்றிடம். சிலிக்கனை வெற்றிடக் கலத்தில் வைத்தால் குமிழிகள் பருத்து, பால் பொங்குவது போல மூன்று நான்கு மடங்கு பொங்கி உடைகின்றன. மற்றையது அமுக்கம். ஊற்றிய அச்சை நான்கு வளிமண்டல அமுக்கத்தில் வைத்தால், போயில் விதிப்படி குமிழியின் கனவளவு நாலிலொன்றாகும். கண்ணுக்குத் தெரியாத அளவில் பிசின் இறுகிவிடும். ஆனால், அச்சினுள்ளேயே குமிழி இருந்தால் அமுக்கத்தில் அதுவும் குழிந்து, வார்ப்பின்மேல் பருவை உண்டாக்கும். வீட்டுப் பிரஷர் குக்கரிற் காற்றடைத்து இதனைச் செய்துபார்க்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பாத்திரம் தாங்குவதற்கு அமைக்கப்பட்டது ஏறக்குறைய ஒரு வளிமண்டல மிகையமுக்கத்தையே. அதற்குமேல் அது குண்டாகும். அவ்வாறே, படகு ரெசினின் ஊக்கியையும் கோபாற்று முடுக்கியையும் நேருக்கு நேர் கலத்தல் ஆகாது, அவை வெடிக்கும். ஊக்கி ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வை போகக்கூடும். உடனே நீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

காற்றை இத்துணை பழித்தபின், படகிலே அதனை வேண்டி அழைக்கும் ஓரிடத்தையும் சொல்லிவிடுவது நியாயம். படகு நீர் நிறைந்தாலும் மூழ்காதிருக்க, இருக்கைகளின் கீழும் முனைகளிலும் நுரைப்பொருள் அடைக்கப்படுகின்றது. அதன் ஒவ்வொரு சிற்றறையிலும் இருப்பது சிறைப்பட்ட வாயுவே. ஒரு கன மீற்றர் நல்ல நுரை ஏறக்குறைய 950 கிலோ நிறையை மிதக்க வைக்கும். சிலர் செலவைக் குறைக்க ரிஜிபோம் கட்டிகளை வைத்து, அவற்றின்மேல் நேரே ரெசினைப் பூசி மூடுகின்றனர். அந்த ரெசினிலுள்ள ஸ்ரைரீன் ரிஜிபோமைக் கரைத்துவிடும். மேலே மூடி அழகாக இருக்கும். உள்ளே வெறும் பொந்துதான் இருக்கும். பொலித்தீன் உறையிற் கட்டியை நன்கு சுற்றியபின் மூடினால் அது கரையாது. படகு வாங்கச் செல்வோர், அந்த அறைகள் மூடப்படுமுன் ஒருநாள் தளத்துக்குச் சென்று நேரிற் பார்த்து வருவாராக.