கம்பியில்லாத் தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பொருட்களில் கம்பியில்லாத் தொலைபேசிக்குத் தனி இடமுண்டு. சொக்கலேட்டும் சவர்க்காரமும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். தொலைபேசியோ கூடத்து மேசையில் விரிப்பின் மேல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் தனித்து வாழும் முதிய பெண்களின் வீடுகளுக்குச் சென்றுவருவது எனது வேலை. போகும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது மருந்துப் பெட்டியை. அடுத்துப் பார்ப்பது தொலைபேசியை. 'கோட்லெஸ்' என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கருவி, யாருக்காக வாங்கப்பட்டதோ அவருக்கு உதவாத இடத்தில், உதவாத நிலையில் இருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன்.

வடமராட்சியில் ஓர் அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். மகன் ரொறன்ரோவில். அங்கு மாலை ஏழு மணியென்றால் இங்கு கோடை காலத்தில் அதிகாலை நாலரை, குளிர் காலத்தில் ஐந்தரை. வேலையால் வந்து ஆறுதலாகப் பேசலாம் என்று மகன் எடுக்கும் நேரத்தில் அம்மா கிணற்றடியில் நிற்பார். "மணி அடிக்கிறது கேட்டவுடன ஓடினன் பிள்ளை. அவன்தான் எண்டு தெரியும். எடுக்காட்டி அவன் அந்தரப்படுவான்" என்றார். ஈரக்காலுடன் ஓடி, அடுப்படி வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். அவ்வளவு நாளும் கூடத்து மேசையில் இருந்தது, கிணற்றடிக்கும் கையோடு கொண்டுபோகக்கூடிய ஒரு தொலைபேசி. தொலைந்துவிடும், விழுந்து உடைந்துவிடும் என்ற பயத்தில் எடுத்த இடத்திலேயே வைக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கிளோட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் தொலைபேசி பரவிய வரலாற்றை ஆராய்ந்து 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்க காலத்தில் தொலைபேசிக் கம்பனிகள் இதனை வியாபாரத்துக்கும் அவசரத்துக்குமான கருவியாகவே விளம்பரப்படுத்தின. பெண்கள் 'வீண் கதை' கதைக்கிறார்கள் என்று முகம் சுளித்தன. அந்தப் பெண்களோ உறவையும் அயலையும் பேணுவதற்குத் தொலைபேசியைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது தூரத்துக் கதையாகத் தோன்றியது. நமது வீடுகளில் தொலைபேசி எங்கே வைக்கப்பட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்று பார்க்கத் தொடங்கிய பின் அப்படித் தோன்றவில்லை.

"ஏன், கையடக்கத் தொலைபேசி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் தொடுதிரையில் விரல் வழுக்கும், எழுத்துத் தெரியாது, அழைப்பை ஏற்பதற்குப் பதிலாகத் துண்டித்துவிடும். பொத்தான்கள் பெரிதாக உள்ள ஒரு கோட்லெஸ் பல முதியவர்களுக்கு இன்றும் இலகுவானது.

பெட்டியைத் திறக்கும்போது

தொலைபேசி கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததா என்பதை முதலில் பாருங்கள். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ற். நம் நாட்டில் 230 வோல்ற். அடாப்டரின் முதுகில் சிறிய எழுத்தில் '100–240' என்று இருந்தால் பயமில்லை. '120' என்று மட்டும் இருந்தால் நமது பிளக்கில் செருகவே கூடாது. செருகினால் புகைதான் வரும். பிளக்கின் தலையை மாற்றித்தரும் சிறு துண்டைக் கடையில் வாங்கிச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். அது காலின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்றைக் குறைக்காது.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 'டெக்ட்' என்னும் முறையில் வேலை செய்கின்றன. ஐரோப்பாவில் இதற்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹேட்ஸ். வட அமெரிக்காவில் விற்கப்படுபவை 1920 முதல் 1930 வரையில் இயங்கும். உலகின் பல பாகங்களில் அந்த இடம் கையடக்கத் தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே அங்கிருந்து அனுப்புவதைக் காட்டிலும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புவது நல்லது. பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். இங்கிலாந்திலிருந்து வரும் கருவிக்கு மின்சாரப் பிரச்சினை இல்லை. தொலைபேசி வயரின் முனைதான் நமது சொக்கற்றுக்குப் பொருந்தாது. திருத்துபவரிடம் காட்டிப் பொருத்தமான வயரைப் போட்டுக்கொள்ளலாம்.

தொலைபேசி வயரும் மின்சார வயரும் பொருத்தப்படும் பெட்டியை 'பேஸ்' என்பர். கையில் எடுத்துப் பேசுவது ஹான்ட்செட். பேஸை இரும்பு அலுமாரியின் மேலோ, குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் அருகிலோ வைத்தால் அலை தடைப்பட்டுப் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். வெளியில் தடையில்லாவிட்டால் 300 மீற்றர், வீட்டுக்குள் 50 மீற்றர் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். அது நல்ல நிலைமைக்கான கணக்கு. நமது தடித்த சுவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆகவே பேஸை வைத்தபின் ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, ஹான்ட்செட்டுடன் கிணற்றடி, மலசலகூடம், பின்வளவு என்று நீங்களே நடந்து பாருங்கள். எங்கே சத்தம் அறுகிறதோ அதற்கேற்பப் பேஸை நகர்த்துங்கள். நான் போகும் வீடுகளில், கூடத்தின் தெருப்பக்க மூலையிலிருந்து பின்பக்க யன்னலருகே நகர்த்தியதே போதுமாக இருந்திருக்கிறது.

பற்றரி என்ற நோயாளி

"கோட்லெஸ் பழுது" என்று என்னிடம் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை பழுதில்லை. பற்றரி களைத்துவிட்டது, அவ்வளவே. உள்ளே இருப்பவை வழக்கமாக 'நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்' வகையைச் சேர்ந்த, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய, 1.2 வோல்ற் பற்றரிகள். கடையில் விற்கும் சாதாரண ரோச் பற்றரியும் அதே அளவில் இருப்பதால் அதைப் போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்படாத பற்றரி பேஸில் வைத்தவுடன் சூடேறும், அமிலம்போன்ற திரவம் கசியும், வெடிக்கவும் கூடும். கடைக்குப் போகும்போது பழைய பற்றரியையே கையில் கொண்டுபோய் அதே வகையைக் கேளுங்கள். இரண்டு போடும் கருவியென்றால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதைக் குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம்.

புதிய பற்றரிக்கு முதற் தடவை முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு தயாரிப்புக்கு 7 மணித்தியாலம், இன்னொன்றுக்கு 16 மணித்தியாலம் என்று வேறுபடும், கையேட்டில் இருக்கும். பெட்டியைத் திறந்த கையோடு கனடாவுக்கு அழைத்துப் பார்க்கும் ஆசையை ஓர் இரவு அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹான்ட்செட் பேஸை அறியாமல் நின்றால், பேஸிலுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹான்ட்செட்டில் 'பதிவு' என்னும் பகுதிக்குப் போனால் இரகசிய எண் கேட்கும். பல கருவிகளில் அது 0000. பதிந்த பிறகு அந்த எண்ணை மாற்றிவிடுங்கள். அதே பொத்தானை ஒரு தடவை தட்டினால் ஹான்ட்செட் ஒலி எழுப்பும். தலையணைக்கடியில் தேடும் வேலை மிச்சம். தொலைந்துவிடும் என்று பயந்த அந்த அம்மாவுக்கு இதை யாரும் காட்டியிருக்கவில்லை.

மின்சாரம் போனால்

இதுதான் கோட்லெஸின் பெரிய குறை. ஹான்ட்செட்டில் சார்ஜ் நிறைய இருந்தாலும், பேஸுக்கு மின்சாரம் இல்லையென்றால் பேச முடியாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருளில் கிடந்தது. இப்படியான நாட்களில்தான் தனித்திருப்பவருக்குத் தொலைபேசி தேவைப்படும்.

பழைய செப்புக் கம்பி இணைப்பு உள்ள வீடென்றால் வழி இலகு. அந்தக் கம்பியிலேயே தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 48 வோல்ற் மின்சாரம் வருகிறது. வயருள்ள பழைய ரெலிபோன் ஒன்றை அதில் பொருத்தினால் வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். கோட்லெஸ் வந்ததும் பழையதை வீசிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒளியிழை இணைப்புக்கோ சிம் போடும் ரவுற்றருக்கோ மாறிய வீடுகளில் இந்த வசதி இல்லை. ரவுற்றர் அணைந்தால் தொலைபேசியும் அணையும். அங்கே ரவுற்றரையும் பேஸையும் தாங்கும் சிறிய மின்சேமிப்புப் பெட்டி ஒன்று வேண்டும், அல்லது பொத்தான் வைத்த சாதாரண கையடக்கத் தொலைபேசி ஒன்று சார்ஜுடன் படுக்கையருகில் இருக்க வேண்டும்.

மின்னல் காலத்தில் வேறு கவனம். நமது நாட்டில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே பேஸின் மின்சார வயரையும் தொலைபேசி வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவதில் பயனில்லை. மின்னல் தொடங்கிய பிறகு என்றால் வயர்களைத் தொடப் போக வேண்டாம்.

ஹான்ட்செட் தண்ணீரில் விழுந்தால் பற்றரியைக் கழற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பேஸில் வைக்காதீர்கள். நெஞ்சில் இதயமுடுக்கி பொருத்தியவர்கள் ஹான்ட்செட்டைச் சட்டைப் பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்திருப்பது நல்லது. அவர்களுடைய வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசி முடித்தபின் சிவப்புப் பொத்தானை அழுத்த மறந்தால் இணைப்பு அடைபட்டே இருக்கும். மகன் எத்தனை தடவை எடுத்தாலும் 'பிசி' ஒலிதான். அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று அயல் வீடுகளுக்கெல்லாம் அழைப்பு வந்த கதைகள் எனக்குத் தெரியும். ஹான்ட்செட்டைப் பேஸில் வைத்தாலே இணைப்பு துண்டிக்கப்படும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

யார் கேட்கிறார்கள்?

பழைய கால கோட்லெஸ்களில் பேசுவதைச் சாதாரண அலைவாங்கிக் கருவியால் வெளியிலிருந்தே கேட்க முடிந்தது. இன்றைய டெக்ட் கருவிகளில் அது அவ்வளவு இலகுவில்லை. ஆனால் என் வேலையில் நான் காணும் ஒட்டுக்கேட்டல் வீட்டுக்குள்ளேயே நடப்பது. ஒரே பேஸில் இரண்டு மூன்று ஹான்ட்செட் இருக்கும் வீட்டில், சில கருவிகளில் ஒருவர் பேசும்போது மற்றவர் இடையில் சேர்ந்துகொள்ளலாம். இந்த வசதியை அமைப்பில் நிறுத்தி வைக்க முடியும். தாய் வீட்டோடு கதைக்கும் மருமகளுக்கு இது சிறிய விடயமில்லை.

அதைவிடப் பாரதூரமான நிலையிலும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் மகளிர் உதவி இலக்கமான 1938க்கு அழைத்தால், அவ்விலக்கம் மீள்அழைப்புப் பொத்தானில் பதிந்து நிற்கும். பிறகு அந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும் தெரிந்துவிடும். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு ஹான்ட்செட்டுக்கும் தனித்தனி மீள்அழைப்புப் பட்டியல் உண்டு. அதிலிருந்து இலக்கத்தை அழிக்கலாம். அழிக்கத் தெரியாவிட்டால், முடிந்தவுடன் கடைக்கோ தோழிக்கோ ஓர் அழைப்பு எடுத்தால் மேலே நிற்பது அந்த இலக்கமாக இருக்கும். பட்டியல் நீளமானதென்றால் கீழே முந்தைய இலக்கம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். விபரமான பட்டியல் வரும் வீடென்றால், அழைப்பதற்கு நம்பிக்கையான அயலவரின் தொலைபேசியே பாதுகாப்பு.

தனித்திருக்கும் முதியவர்களுக்கு ஒரு சொல். "வீட்டில் ஆர் இருக்கினம்?" என்று தெரியாத குரல் கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம், கையடக்கத் தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றால் அந்த இடத்திலேயே வைத்துவிடலாம். அது மரியாதைக் குறைவாகாது.

இலக்கங்களைப் பதியும்போது, ஒரு பொத்தானை நீளமாக அழுத்தினால் நேரடியாகப் போகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 1இல் பக்கத்து வீடு, 2இல் பிள்ளை, 3இல் நோயாளர் காவு வண்டிக்கான 1990 என்று வைக்கலாம். பக்கத்து வீட்டை முதலில் வைப்பது ஏனென்றால், விழுந்து கிடப்பவரிடம் ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர் ரொறன்ரோவில் இல்லை. பொலிஸ் 119, சிறுவர்களுக்கான 1929 என்பவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் பேஸில் ஒட்டுங்கள். ஒளிப்படம் ஒட்டும் பிள்ளைகளும் உண்டு. வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

எல்லாம் முடிந்தபின் ஒரு பின்னேரம் ஒதுக்கி, அம்மாவைக் கதிரையில் இருத்தாமல் நிலத்தில் பாயில் இருத்தி, ஹான்ட்செட்டைக் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்திக் கொடுக்க வேண்டாம். கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை. வடமராட்சி அம்மா முதல் இரண்டு தடவையும் பிழையாக அழுத்தினார். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு மருமகள் எடுத்து, "என்ன ஆச்சி, இருந்தாப்போல?" என்றாள். "ஒண்டுமில்லை, எடுத்துப் பாத்தன்" என்றார் அவர். இப்போது இடுப்பில் ஒரு துணிப்பை கட்டி, ஹான்ட்செட்டை அதில் போட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போகிறார்.