தமிழ் படித்த பிறகே புறப்பட்டார்

திருவனந்தபுரம் பாளையத்தில் எல்.எம்.எஸ். ஜங்ஷனைத் தாண்டிப் போகாத தமிழர் நம்மில் இருக்கமாட்டார்கள். பஸ் கண்டக்டர் கூவும் அந்த மூன்று எழுத்துகள் இலண்டன் மிஷனெரி சங்கத்தைக் குறிப்பவை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது சந்தேகமே. அங்கே நிற்கும் மட்டீர் நினைவு ஆலயம் 1906-ல் எழும்பியது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சங்கத்தின் முதல் மிஷனெரி திருவிதாங்கூருக்குள் வந்தார். வந்தது மலையாளம் பேசிக்கொண்டல்ல, தமிழ் பேசிக்கொண்டு.

அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். அன்று தாழ்த்தப்பட்டுக் கிடந்த சமூகத்தில் பிறந்தவர். 1799-ல் சிதம்பரத்துக்கு யாத்திரை போன இடத்தில், தஞ்சாவூரில் இருந்த உறவினர் மூலம் கோலாப் ஐயரின் ஆராதனையைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். தமிழ் வேதபுத்தகத்தோடு ஊர் திரும்பியவர், குருவானவர் யாரும் இல்லாமலேயே தம் இனத்தாரைக் கூட்டி வாசித்துக் காட்டத் தொடங்கினார். வேத தியானம் என்று நாம் இன்று சொல்லும் பழக்கம் தென்திருவிதாங்கூரின் அந்தக் கிராமத்தில் இப்படித்தான் தொடங்கியது.

ஒரு மிஷனெரி வேண்டும் என்று அவர் மறுபடி கிழக்கே போனபோது தரங்கம்பாடியில் ரிங்கல்தௌபேயைக் கண்டார். இந்த ஜெர்மானியர் 1804-ல் அங்கு வந்திறங்கியவர். கூட வந்த இரண்டு பேர் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட, இவர் மட்டும் அங்கேயே தங்கித் தமிழ் படித்தார். 1715-லேயே சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊர் அது. படிக்க அதைவிட நல்ல இடம் வேறு ஏது? அழைப்பு வந்தவுடனே மூட்டை கட்டவில்லை. மொழி கைவந்த பிறகு, 1806-ல்தான் ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தார். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது அவர் செய்த ஆயத்தங்களிலேயே பெரியது என்பது என் எண்ணம்.

பிறகும் வேலை எளிதாக இல்லை. ஆலயம் கட்டத் திருவனந்தபுரத்து அரசின் அனுமதி வேண்டும். ரெசிடெண்ட் மெக்காலேயின் ஆதரவு இருந்தும், மயிலாடியில் ஆலயம் நின்றது 1809-ல்தான்.

ஞானஸ்நானம் கேட்டு வந்த எல்லோரையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பலாம் என்ற ஆசையில் வருகிறார்களோ என்று தயங்கினார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்று திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் அரசுக்குச் செய்யும் கட்டாய வேலை. அதே சொல்லைத்தான் சபைகளில் தேவப்பணிக்கு வைத்திருக்கிறோம். முதுகொடிய அந்த ஊழியம் செய்தவன் இந்த ஊழியக்காரரிடம் ஓடி வந்து நின்றால், அவன் மனதில் எது விசுவாசம், எது வேதனை என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? ரிங்கல்தௌபே கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தமக்கென்று அவர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சம்பளம் ஏழைகளுக்கே போனது.

கண்ணம்மூலையில் 1943 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இன்று ஆயத்தம் பாடத்திட்டத்தோடு நடக்கிறது. வேதமாணிக்கத்துக்குக் கிடைத்த பாடசாலை வேறு. 1816-ல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே கிளம்பினார். கப்பலேறியவர் முடிவு என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது. சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்து, தம் அங்கியையும் அவருக்கு அணிவித்துச் சென்றார் என்பார்கள். மீட் ஐயர் 1818-ல் வந்து சேரும்வரை, அந்தச் சபைகளைத் தாங்கியவர் தரங்கம்பாடி வரை நடந்து போய்க் குருவைக் கேட்ட அதே மயிலாடிக்காரர்தான்.