இடுப்புக்கு ஒரு சீட்டு, தோலுக்கு ஒரு சீட்டு

உத்திரமேரூர்ப் பக்கம் இடுப்பு வலிக்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. நடவு, களையெடுப்பு, குழித்தறி என்று பழி போட ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். முழங்கையில் செதில் செதிலாக உரியும் படைக்குப் பழி வேறு: போர் தண்ணீர், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தாலும் ஆஸ்பத்திரியில் இரண்டு சீட்டு, இரண்டு வரிசை. எலும்பு டாக்டரிடம் படையைக் காட்டுவதில்லை; தோல் டாக்டரிடம் முதுகைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

செதில் உரியும் அந்தப் படை சொரியாசிஸாக இருக்கலாம். அது தோலோடு நின்றுவிடும் நோயல்ல, ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. காவலுக்கு நிற்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் வீட்டாரையே அடிக்கத் தொடங்குவதால் வருவது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து குவியும். வெள்ளைச் செதில் அதுதான். அதே அழற்சி, தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களையும் பிடிக்கும். குதிகால் அப்படி ஓர் இடம். முதுகுத்தண்டும் அதன் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டும் அப்படித்தான். முதுகெலும்பில் அழற்சி வாதம் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குச் சொரியாசிஸ் இருக்கிறது. பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும், மூட்டு பல ஆண்டுகள் கழித்து வரும்.

உழைத்த வலி படுத்தால் குறையும். இந்த அழற்சி வலி படுத்தால் கூடும். விடியற்காலை 3 மணிக்கு எழுப்பிவிடும். எழுந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டையாக இருக்கும். வரப்பில் நாலு நடை நடந்தால் இளகும். ‘வேலை செஞ்சா சரியாயிடுது’ என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, நோயின் அடையாளமே அதுதான். குடவோலைத் தேர்தலுக்குத் தகுதி பெற 35 வயது நிரம்ப வேண்டும் என்கிறது உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு. இந்த வலி அதுவரை பொறுப்பதில்லை, பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது.

படை கண்ணில் படாமலும் இருக்கலாம். பொடுகு என்று நினைத்த தலைத் திட்டு, தொப்புள், பிட்ட இடுக்கு: கூச்சத்தில் நாம் காட்டாத, டாக்டரும் கேட்க மறக்கிற இடங்கள். கைநகத்தில் ஊசியால் குத்தினாற்போல் குழிகள் விழுந்தால் சேற்று வேலையால் வந்த நகச்சொத்தை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கண் சிவந்து வலித்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்த முதுகு வாதத்துக்காக எடுக்கும் ஹெச்எல்ஏ-பி27 ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

வெட்பாலைத் தைலம் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். வெயிலில் ஊதா நிறமாகும் அந்த எண்ணெயைத் தோலில் தடவலாம். அது முதுகெலும்புக்குள் போகாது. மெதோட்ரெக்ஸேட் மாத்திரை படைக்கும் கை கால் மூட்டுக்கும் உதவும், முதுகுக்கு உதவாது. அதை வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தினமும் போட்டு ஆபத்தில் முடிந்ததுண்டு. ‘ஒரே ஊசியில் வலி போச்சு’ என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று கேளுங்கள். அதை நிறுத்தியதும் உடம்பு முழுக்கப் படை கிளம்பலாம். முதுகுக்கு வலி மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும்தான் முதல் மருத்துவம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் பயிற்சியைச் சொல்லித் தருவார்.

அதற்கும் அடங்காவிட்டால் அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள். காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், முதுகுக்குப் போடும் இந்த ஊசியே சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புதிதாகப் படையைக் கிளப்பிவிடும். அப்படி வந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் காலைக் காட்டிவிட வேண்டும், முதுகுக்காகப் போயிருந்தாலும்.