இரு கடற்பசுக்கள்

மன்னார்த் தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் புல் மேயும் விலங்கு ஒன்று உண்டு. மீனவர் ஆவுளியா என்றும், நூலோர் கடற்பசு என்றும் வழங்கும் விலங்கே அது. நீரில் வாழினும் அது மீனன்று. நுரையீரலால் மூச்சு வாங்கி, கன்றுக்குப் பாலூட்டும் முலையூட்டியாகும். தரைவாழ் விலங்குகளுள் யானை அதற்கு நெருங்கிய உறவு என்பர் விலங்கியலார்.

அவர்கள் இதனைச் சைரீனியா என்னும் வருணத்தில், டியூகொங் குடும்பத்தில் வைத்துள்ளனர். அக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது ஆவுளியா ஒன்றே. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் மற்றோர் இனமும் இருந்தது. அதுவே ஸ்டெல்லர் கடற்பசு.

ஆவுளியா வெப்பக் கடலுக்குரியது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரை முதல் பசிபிக் தீவுகள் வரை, கடற்புல் வளரும் இடங்களில் வாழ்கின்றது. சுமார் 3 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் நிறையும் உடையது. மற்றதோ ருஷ்யாவைச் சேர்ந்த கொமாண்டர் தீவுகளின் குளிர்க் கடலில் வாழ்ந்தது. 8 மீற்றர் வரை வளர்ந்த அப்பெருவிலங்குக்குப் பற்களில்லை. கடற்பாசியே அதன் உணவு.

1741 ஆம் ஆண்டில் பேரிங் என்பாரின் கப்பல் அங்கு உடைந்தது. அதிற் சென்ற ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அவ்விலங்கைக் கண்டு விவரித்தார். பின்னர், உரோமத்தோல் தேடிச் சென்ற வேடர் அதன் இறைச்சியையே உணவாக்கினர். 1768 ஆம் ஆண்டளவில் அவ்வினம் அடியோடு அழிந்தது. கண்டறிந்த 27 ஆண்டுகளுள் ஓரினம் மறைந்துவிட்டது!

ஆவுளியாவுக்கோ சட்டத்தின் துணை உண்டு. இலங்கையும் இந்தியாவும் அதனைக் கொல்வதைத் தடைசெய்துள்ளன. பாக்கு விரிகுடாவில் தமிழ்நாட்டரசு 2022 ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. எனினும், உலகச் செம்பட்டியலில் அது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகவே இருக்கின்றது. சீனக் கரையோரத்தில் அது ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்று 2022 இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

காரணம் யாது? பெண் ஆவுளியா மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றையே ஈனும். அது வலையிற் சிக்கினால் மூச்சு வாங்க மேலெழ முடியாமல் இறக்கும். இழுவை மடிகள் கடற்புல்லை வேரோடு பெயர்த்தால் மேய்ச்சல் நிலமும் போய்விடும்.

ஸ்டெல்லர் கடற்பசுவை ஈட்டி அழித்தது. ஆவுளியாவை வலையும் அழிக்கக்கூடும். வேட்டையைத் தடுப்பதோடு நில்லாமல், புற்றரைகளில் இழுவை மடிகளைத் தவிர்ப்பதும், சிக்கிய விலங்கை உயிரோடு விடுவிப்பதும் இன்றியமையாதன. ஓரினம் அற்றுப்போனபின் அதனை மீட்க எச்சட்டத்தாலும் இயலாது.