ஜீப் ஏறும் மலைகள்: குடும்பத்துக்கு ஏற்ற பாதை எது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் தார் காணாத வண்டிப்பாதைகளில் பெரும்பாலானவை சுற்றுலாவுக்காக வெட்டியவை அல்ல. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களிலிருந்து மூட்டைகளை இறக்கவும், தொழிலாளர் லயங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றவும் போட்ட தடங்கள் அவை. டிராக்டரும் ஜீப்பும் போனால் போதும் என்ற கணக்கில் பாறையை உடைத்துப் பரப்பியதோடு வேலை முடிந்தது. வளைவு எவ்வளவு குறுகல், ஓரத்தில் தடுப்புச் சுவர் உண்டா, எதிரே வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதையெல்லாம் பாட்டியையும் பள்ளிப் பிள்ளைகளையும் மனதில் வைத்து யாரும் அங்கே யோசிக்கவில்லை. அந்த யோசனை போகிறவர்களின் பொறுப்பு.

பலர் கைபேசியில் ஒரு சூரிய உதயப் படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். படத்தில் இருப்பது உச்சி மட்டும்தான். அங்கே போய்ச் சேரும் ஒன்றரை மணி நேரக் குலுக்கல் அதில் தெரியாது. தேனி முதல் நீலகிரி வரை எந்த மலையில் ஏறினாலும் மேகமும் பள்ளத்தாக்கும் சோலைக்காடும் கண்ணுக்குக் கிடைக்கும். மலைக்கு மலை காட்சி மாறுவதைவிடப் பாதைக்குப் பாதை மாறுவது மிக அதிகம். எனவே பாதையை முதலில் தேர்ந்தெடுத்து, காட்சியைப் பிறகு பார்ப்பதுதான் குடும்பப் பயணத்துக்குச் சரியான வரிசை.

பாதையை எடைபோடும்போது, வண்டியில் ஏறுபவர்களில் யாருடைய உடல் குறைவாகத் தாங்குமோ அவரையே அளவாக வைக்க வேண்டும். வாடகை ஜீப்புகளின் பின்புறத்தில் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, அவ்வளவுதான். சீட் பெல்ட் இருக்காது. ஒவ்வொரு கல்லிலும் உடம்பு எம்பி விழும். கர்ப்பிணிகள், தண்டுவடத் தேய்மானமோ டிஸ்க் பிரச்சினையோ உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் ஏறக் கூடாது. கைக்குழந்தைகளும் வேண்டாம். மடியில் இருக்கும் குழந்தையின் தலை அந்தக் கம்பியில் மோத ஒரு பள்ளம் போதும். தானே கம்பியை இறுகப் பிடித்து உட்காரத் தெரிந்த வயது வந்த பிறகு பிள்ளைகளை ஏற்றுவது நல்லது. வாந்தி வரும் வழக்கம் உள்ளவரை ஓட்டுநருக்குப் பக்கத்தில், முன்னோக்கி உட்கார வைக்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் குமட்டல் கூடும்.

உயரத்தால் வரும் மூச்சுத் திணறலை நினைத்துச் சிலர் பயப்படுவதுண்டு. லடாக்கில் அந்தப் பயம் நியாயம். அங்கே கார்துங் லா கணவாய் 17,500 அடியைத் தாண்டுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஜீப் போய்ச் சேரும் இடங்கள் அதைவிடத் தாழ்வானவை. இங்கே கவலைப்பட வேண்டியவை குலுக்கலும் பள்ளமும் குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் இறங்கும். போடியில் வியர்த்தபடி கிளம்பிய குடும்பம் மேலே போய்ப் போர்வை தேடும்.

அடுத்து, பாதை யாருடையது என்று பார்க்க வேண்டும். மலையில் மண்பாதை கண்ணில் பட்டதாலேயே அதில் வண்டியை விட்டுவிட முடியாது. ஒன்று அது தனியார் எஸ்டேட்டின் தடம். இல்லையென்றால் வனத்துறையின் தடம். ஊராட்சிப் பாதையாக இருப்பது குறைவு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதியோடு நாளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகள் போகும். ஊட்டி அவலாஞ்சியில் காட்டுக்குள் போக வனத்துறையே வாகனம் வைத்திருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டி வரைபடச் செயலிகள் இந்த அனுமதி விவகாரம் எதையும் சொல்வதில்லை. மூடிக் கிடக்கும் பழைய தடத்தையும் அவை பாதையாகவே காட்டக்கூடும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பழைய சாலை அப்படிப்பட்டது. பல ஆண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டும், இன்னும் அதைத் தேடி வருபவர்கள் உண்டு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கக் கொழுக்குமலை நல்ல உதாரணம். தேனி மாவட்டத்தில், போடி சமவெளிக்கு நேர் மேலே, 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. இடம் தமிழ்நாட்டில், வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. போடியிலிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, எல்லையைத் தாண்டி, சூரியநெல்லியில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புக்கு மாற வேண்டும். சொந்த வண்டி அங்கேயே நின்றுவிடும். ஒரு ஜீப்பில் ஆறு பேர். வாடகை ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தொடக்கத்தில் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே ஓரளவு சமமான எஸ்டேட் பாதை. பிறகு பாறைத்துண்டுகள் பெரிதாகின்றன. ஓட்டுநர் முதல் கியருக்கு வந்து, ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி, மறுபக்கத்தைப் பள்ளத்தில் இறக்கி, வண்டியைச் சாய்த்தே கொண்டுபோவார். முன்சக்கரம் கல்லைப் பற்றி ஏறி முடிக்கும்வரை வேகத்தைக் கூட்ட மாட்டார். புதிதாக வருபவருக்கு வண்டி கவிழப் போவதுபோல இருக்கும். தினமும் ஏறி இறங்குபவருக்கு எந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது மனப்பாடம். குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கே சொந்தமாக ஓட்ட ஆசைப்படாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கொழுக்குமலை என்றாலே விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பிச் சூரிய உதயம் பார்ப்பது என்றாகிவிட்டது. நண்பர்கள் குழுவுக்கு அது சரி. சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பதே மேல். தூக்கம் கலைந்த குழந்தை, கடுங்குளிர், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பாதை என்று மூன்றும் ஒன்றாகச் சேரும். நான்காவதாக யானையும் உண்டு. சூரியநெல்லி இருக்கும் சின்னக்கானல் பகுதி யானைகளின் நடமாட்டத்துக்குப் பெயர் போனது. அரிசிக்கொம்பன் என்ற ஆண் யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது இங்கேதான். பெரியார் காட்டில் விடப்பட்ட அது, அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் இறங்கியது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெளிச்சம் வந்த பிறகும் ஜீப்புகள் மேலே போகின்றன. காலை எட்டு மணிக்கு மேல் ஏறினாலும் போடிப் பள்ளத்தாக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது. பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, சுடச்சுட ஒரு டீயும் குடித்துவிட்டு நிதானமாக இறங்கலாம்.

கொழுக்குமலை கடினம் என்று தோன்றும் குடும்பத்துக்கு ராமக்கல்மேடு பொருத்தமான இடம். கம்பம்மெட்டு வழியாக ஏறினால் தார்ச்சாலையிலேயே போய்ச் சேரலாம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்க, மேலே காற்றாலைகள் சுழலும். கரடுமுரடான பகுதி ஆமைப்பாறைக்குப் போகும் ஜீப் பாதையில் மட்டும்தான். விரும்புகிறவர்கள் ஏறிப் போக, மற்றவர்கள் கீழே காத்திருக்கலாம். இப்படிப் பிரிந்து, மீண்டும் சேரக்கூடிய இடங்கள் மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்துக்கு மிகவும் தோதானவை. மேகமலையும் அந்த வகைதான். சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் வரையிலான சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். தென்பழனி சோதனைச்சாவடியைக் கடக்க நேரக் கட்டுப்பாடு உண்டு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால், மேலே எஸ்டேட்டுகளுக்குப் பிரியும் தடங்களில் இஷ்டத்துக்குப் போக முடியாது. சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டே நகர வேண்டும்.

சொந்த வண்டியில் மண்பாதையில் போக நினைப்பவர் முதலில் வண்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். சிறிய கார்களில் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 16 முதல் 18 செ.மீ. இருக்கும். மகிந்திரா தாரில் அது சுமார் 22.6 செ.மீ., மாருதி ஜிம்னியில் 21 செ.மீ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் எந்த வண்டியிலும் அது குறையும். ஆயில் சட்டி ஒரு கல்லில் உடைந்தால் மலையிலிருந்து வண்டியை இறக்கும் செலவில் இரண்டு நாள் ஜீப் அமர்த்தியிருக்கலாம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியிலும் அதன் லோ கியரைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும்.

மலைப்பயணத்தில் பலர் ஏற்றத்தை நினைத்துத் திட்டமிடுகிறார்கள். விபத்து காத்திருப்பது இறக்கத்தில். தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிருக்கு ஆபத்து. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நல்ல தார்ச்சாலைதான். ஆனாலும் பழக்கமில்லாத வெளியூர் ஓட்டுநர்கள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளானதால், வெளி மாவட்ட வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் சந்தித்தால், இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் சட்டமே.

பருவம் பார்ப்பதில் இந்த மலைகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. மூணாறு, வாகமண் போன்ற மேற்குச் சரிவுகளை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். தேனிப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முகட்டில் இருக்கும் கொழுக்குமலைக்கு இரண்டும் வந்து சேரும். மழைக்காலத்தில் மண்பாதை வழுக்குவது மட்டுமில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் எஸ்டேட் லயங்கள் மீது மலையே சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. பிப்ரவரி முடிந்தால் புல் காய்ந்து காட்டுத்தீ பருவம் தொடங்கும். கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மழை ஓய்ந்து, தீ தொடங்காத இடைவெளி டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அதற்குள் வருவது குடும்பங்களுக்கு வசதி. சபரிமலைப் பருவமும் அதே சமயம் என்பதால் கம்பம், குமுளி சாலையில் மட்டும் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டும். போடிமெட்டு வழியாகப் போகிறவர்களுக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

ஜீப் அமர்த்தும்போது வாடகைக்குப் பேரம் பேசுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா? வெள்ளைப் பலகையோடு வாடகைக்கு ஓடும் வண்டியில் விபத்து நடந்தால் பயணிகளுக்கான இழப்பீட்டில் சிக்கல் வரும். டயரில் பட்டை தேய்ந்திருக்கிறதா, ஸ்டெப்னி உண்டா என்றும் பார்க்க வேண்டும். எத்தனை பேர், எங்கெங்கே நிறுத்துவது, மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட்டால் மலை மேல் வாக்குவாதம் இருக்காது. இடுக்கி மாவட்ட நிர்வாகம் விபத்துகளுக்குப் பிறகு ஜீப் சவாரிகளுக்குத் தடையும் நிபந்தனைகளும் விதித்த அனுபவம் உண்டு. ஆகவே முந்தின நாளே தங்கும் விடுதியில் விசாரித்துக்கொள்வது நல்லது. சூரியநெல்லிப் பக்கம் ஓட்டுநர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். "மேல மழை சார், இன்னிக்கு வேண்டாம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், கூடுதல் பணம் காட்டி வற்புறுத்துவது ஆறு பேரின் உயிரைப் பணயம் வைப்பது. அதற்காகவே பயணத்தில் ஒரு நாளை மாற்று நாளாக ஒதுக்கி வைக்க வேண்டும். மலையேற்றத்தை முதல் நாளில் போட்டால், மழை வந்தாலும் மறுநாள் கையில் இருக்கும்.